ஐந்துக்கு மூன்றரை

கோத்தகிரி டானிங்டன் முக்கில்
என் செல்போன் ரிப்பேர் கடை.
ஞாயிறு ஏழு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவேன்.
அதற்குப் பிறகு குனிந்து வருகிறவர்கள்
வாடிக்கையாளர்கள் இல்லை.

பெள்ளிராஜ் வர்க்கிப் பொட்டலத்தோடு வந்தான்.
உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்:
"அந்த ரேஸ் கேமை நேத்தே அழிச்சிட்டேன்.
வளைவுல பிரேக் பிடிச்சா தோல்வி.
பிடிக்காம பள்ளத்துல விழுந்தா
மூணே செகண்டு, வண்டி திரும்ப ரோட்டுல நிக்குது,
கண்ணாடில ஒரு கீறல் இல்ல.
இது என்ன நியாயம்?"
பகலில் அவன் ஓட்டுவது பிக்கப்,
கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு.
வளைவுகளோடு அவனுக்கு வேறு கணக்கு.

தவச்செல்வி தேயிலை ஃபேக்டரியில்
பச்சை இலைக்கு எடை போடுகிறவள்.
ஆடுவது விவசாய கேம்.
"ரெண்டு ஸ்டார்தான் கொடுப்பேன்.
விதைச்ச நாலாவது நிமிஷம் அறுவடையாம்.
அட்டை கடிக்கல, மழையில மண்ணு சரியல,
எப்ப வித்தாலும் அதே விலை."
"அப்புறம் ஏன் எண்பத்திரெண்டாவது லெவல் வரைக்கும் போன?"
"விலை மாறாதே. அதான்."

எபனேசருக்கு இந்த மாதிரி ஆட்டங்கள் மேல் இளக்காரம்.
பாலத்தைக் காக்கும் ஒற்றைக்கண் அரக்கனிடம்
நூற்றி நாற்பது தடவை செத்தவன் அவன்.
எண்ணிக்கையைப் பிழையில்லாமல் சொல்வான்,
மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிற அதே குரலில்.
"அவன் ஏமாத்தறதே இல்ல, தெரியுமா?
கதையை ஓங்குறதுக்கு முன்னால
தோளை ஒரு தரம் லேசா அசைப்பான்.
அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள்."
"பதினொரு நாள்ல நான் நாலு ஏக்கர் வாங்கினேன்"
என்றாள் செல்வி.

என் முறை.
ரிப்பேருக்குத் தந்துவிட்டு
யாரோ திரும்ப வாங்க வராத பழைய பெட்டி ஒன்று,
அதில் நடந்துகொண்டே இருக்கிற ஆட்டம்.
"மூடுபனி முழுக்கச் சோம்பேறித்தனம்" என்றேன்.
"தூரத்துல இருக்கறதை வரைய மெஷினுக்குத் தெம்பில்ல.
வெள்ளையை ஊத்தி மறைக்கிறாங்க.
நாம நெருங்கினாத்தான் மரம் முளைக்குது."
பெள்ளிராஜ் ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தான்.
பஸ் நிறுத்தம் இல்லை. பேக்கரி இல்லை.
அவன் பிக்கப்பும் இல்லை.
"அப்ப இதை எந்தக் கம்பெனிடா செஞ்சான்?"

சிரித்து முடிக்கவில்லை,
ஷட்டருக்குக் கீழே
வெள்ளைச் சாக்ஸ் போட்ட நான்கு கால்கள்.

அதற்கு மேல் தகரம்.

காட்டெருமை மூச்சு விட்டபோது
தரையில் கிடந்த வர்க்கித் துகள் நகர்ந்தது.
ஈர ரோமத்தின் வாடை.
நால்வர் கையிலும் போன், ஒருவர் விரலும் அசையவில்லை.
எபனேசர் என் காதுக்குள்:
"தோளைப் பாரு. தோளைப் பாரு."
தோள் ஷட்டருக்குப் பின்னால் இருந்தது.

அப்போது செல்வியின் போனில் சேவல் கூவியது.
அறுவடை தயார்.

முன்னங்கால் ஒன்று தூக்கி
நின்று
வேறு இடத்தில் ஊன்றியது.
அவள் போனை வயிற்றில் அழுத்திக்கொண்டாள்.
சேவல் சேலைக்குள்ளிருந்து இன்னொரு முறை கூவியது.
பெள்ளிராஜ் கண்ணை மூடியிருந்தான்,
வலது கால் மட்டும் தரையில்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
பிறகு சாக்ஸுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி
காய்கறிக் கழிவு கொட்டும் பக்கமாக
வெள்ளைக்குள் வெள்ளையாய்ப் போயின.

முதலில் பேசியது எபனேசர்தான்.
"சவுண்டு பிரமாதம்."
தொண்டையைச் செருமிக்கொண்டான்.
"மூணரை கொடுக்கலாம். அதுக்கு மேல முடியாது.
நம்ம கையில ஒரு பட்டன்கூடக் குடுக்கலையே."

செல்வி குனிந்து அறுவடையை முடித்தாள்.
பூசணி, முப்பத்தாறு. விலை அதேதான்.

ஷட்டரை முழுக்கத் தூக்கினேன்.
பெள்ளிராஜ் கையை முன்னால் நீட்டியபடி
பிக்கப் இருந்த இடத்தை நோக்கி நடந்தான்.
கதவு திறக்கும் சத்தம் கேட்டது.
மஞ்சள் விளக்கு எரிந்து
ரோட்டை ரெண்டடி ரெண்டடியாக
வரைந்துகொண்டே இறங்கிப் போனது.
வளைவுக்கு முன்பே
மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றியது
கடை வரை கேட்டது.